ஃபஹாஹீலில் தங்கிவிட்ட நிழல்

ஏ.சி. மெக்கானிக் அருள்முருகன் குவைத் வேலையை விட்டுவிட்டு விருதுநகர் வந்து சேர்ந்தபோது அவருடைய நிழல் கூட வரவில்லை. அது குவைத்தில், பலரோடு அவர் தங்கியிருந்த ஃபஹாஹீல் அறையிலேயே தங்கிவிட்டது. தப்பு அவருடையதுதான். ஊருக்குப் போகிறேன் என்று அறையில் சொன்னால் ஆளுக்கொரு பார்சலைத் தலையில் கட்டுவார்களே என்று பயந்து, வேறு சைட்டில் டூட்டி என்று புளுகிவிட்டுக் கிளம்பினார். அந்த அறைகளில் படுக்கைவிரிப்பை எடுக்காமல் போனால், ஆள் திரும்பி வருவார் என்று அர்த்தம். கட்டிலை யாரும் தொடமாட்டார்கள். அவர் விரிப்பை எடுக்கவில்லை. நிழலும் அதை நம்பி அங்கேயே படுத்துக்கொண்டது. "அண்ணே, ஒங்க நெழலு தெனமும் டூட்டிக்குப் போயிட்டு வருது. ஓவர்டைம் வேற பாக்குது" என்று அறைத்தோழர் செய்கு அலாவுதீன் போனில் சொன்னார். உழைக்கிறதைக் கெடுப்பானேன் என்று அருள்முருகன் விட்டுவிட்டார்.

அடுத்து பார்த்துவைத்த துபாய் வேலைக்கு விசா இழுத்தடித்தது. பாதி வருஷத்துக்கு மேல் ஊரில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் துபாயில் சத்வா பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே வெயிலில் நிழலில்லாமல் நடந்தவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் ஜோலி. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய லீவில் வந்தபோதுதான் வில்லங்கம் முளைத்தது. "இவ்வளவு நாள் இங்க இருந்திருக்கீங்க, அந்த வருஷம் நீங்க உள்நாட்டு ஆளு. குவைத் சம்பளம், துபாய் சம்பளம் ரெண்டுக்கும் வரி கட்டணும்" என்றார் ஆடிட்டர் ஷியாமளா. வரி கட்டினால், லிண்டல் மட்டத்தில் நிற்கும் புது வீட்டுக்குக் கூரைத் தளம் போடக் காசிருக்காது. மனைவி தாமரை அழுதேவிட்டாள்.

"நான் முழுசா இங்க இல்லையேம்மா" என்றார் அருள்முருகன், அசராமல்.

ஷியாமளா அதையே எழுதி அனுப்பினார். வரி அதிகாரி அருள்முருகனை வரவழைத்து அலுவலக வாசலில் வெயிலில் நிறுத்தினார். சைக்கிளுக்கு நிழல் இருந்தது, பியூனுக்கு இருந்தது, அருள்முருகன் காலடியில் வெறும் சிமெண்டுதான்.

"நெழல் எங்கய்யா?"

"குவைத்துல டூட்டியில இருக்கு சார்."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். முழு ஆளாக ஊரில் தங்கியவரிடம்தான் வரி கேட்க முடியும் என்று எழுதிக் கோப்பை மூடினார்.

தளம் போட்ட அன்று, சத்வாவுக்குத் திரும்பிவிட்ட அருள்முருகனுக்கு லீவு கிடைக்கவில்லை, நிழலுக்குக் கிடைத்தது. அவர் தட்டிக்கழித்த பார்சல்களையெல்லாம் சுமந்துகொண்டு வந்து இறங்கியது. கொத்தனார்களோடு அதற்கும் ஓர் இலை போட்டு உட்காரவைத்துவிட்டு, தாமரை சத்வாவுக்குப் போன் போட்டாள்.

"ஒங்க நெழலு வந்துருச்சு. நீங்க எப்ப வர்றீங்க?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். பிறகு நிழலின் இலைக்கு ரசம் ஊற்றப் போனாள்.