அறிக்கையின் இரண்டாவது வரி

1

நான் படித்துச் சொல்லாமல் விட்ட ஒரு வரியிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. அதை ஒப்புக்கொள்ளாமலே எழுதிவிட முடியுமா என்று நான்கு முறை முயன்றேன். முதல் தொடக்கம் இது: 'பஸ் கண்டக்டர் அக்காவின் முதுகுத்தண்டுக்குள் ஒரு சிவப்புப் பூ...' அடித்துவிட்டேன். பூவாவது! எலும்புக்குள் ரத்தக்குழாய்கள் சுருண்டு கிடந்த கட்டி அது.

2

பதினெட்டு வருஷம் ஓடும் பஸ்ஸில் நின்றே பிழைத்தவள் அக்கா. முதுகுவலிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கை வந்த உறையைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினாள்.

"நீயே படிடா."

"புற்று இல்லக்கா. சாதாரணக் கட்டிதான்."

முதல் வரி அது. இரண்டாவது வரி: ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன், கால் மரத்துப்போனால் உடனே வரவும். அவள் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்திருந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தேன். (அப்புறம் நான்... வேண்டாம். மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.)

3

ஒன்றரை வருஷம் கழித்து, பஸ் படியில் கால் மடங்கி விழுந்தாள்.

"மரத்துப்போய் நாலு மாசம் ஆச்சு டாக்டர். சாதாரணக் கட்டிதானேன்னு இருந்துட்டேன்."

"பெரிசா கிழிக்க மாட்டோம்மா. கட்டிக்குப் போற ரத்தத்தை அடைச்சிட்டு, சின்னத் துளை வழியா நரம்பை அழுத்துறதை எடுத்துடுவோம். எலும்புக்குள்ள ஊசியால சிமெண்ட் நிரப்புவோம். வலி போயிடும். கால்... முன்னாடியே வந்திருக்கலாம்."

வலி போனது. கால் வரவில்லை. கொசுக்கடியைவிடக் கொஞ்சம் பெரிய தழும்புகளைப் பார்த்து, வந்தவர்கள் எல்லாம் "இவ்ளோதானா?" என்றார்கள்.

4

முடிவு அ: அவள் எழுந்து நடக்கிறாள். (இரண்டாவது அடிக்குமேல் எழுத முடியவில்லை.)

முடிவு ஆ: அவள் மன்னிக்கிறாள். (எதை? அவளுக்குத்தான் தெரியாதே.)

நடந்தது இது. போன வாரம் பழைய வரைவை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அதில் அறிக்கையை அரைகுறையாகப் படித்துச் சொல்பவர் ஒரு அலட்சியமான டாக்டர். போர்வை நூலை உருவிக்கொண்டே கேட்டாள்.

"நல்லாருக்குடா. ஆனா அன்னைக்குப் படிச்சது நீதானே? உன்னைக் காணோமே?"

"கதைக்காக மாத்தினேன்க்கா."

"எதுக்கு மாத்தணும்? அன்னைக்கு நீ மட்டும் பக்கத்துல இல்லேன்னா பயத்துலயே செத்திருப்பேன். அதைப் போடு."

போட்டுவிட்டேன். நாளைக் காலை படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள்.

நீங்களாக இருந்தால் எதுவரை படிப்பீர்கள்?