பெண்கள் பக்கத்து வீடியோ

ஆண்கள் பக்கத்துக் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி, முழுப் படமாக முடித்து எடுக்க ஓடவிட்டு, நாசர் டீ குடிக்கச் செருப்பை மாட்டிய நேரத்தில் கம்ப்யூட்டர் திரை நீலமாகிப் போனது. நாலு வரி இங்கிலீஷ், ஒரு சோக முகம், அவ்வளவுதான். திரும்ப ஆன் செய்து மறுபடி ஓடவிட்டான். பாதியைத் தாண்டுவதற்குள் மறுபடியும் நீலம்.

டீ மறந்து போய், செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். இந்த நீலத்தை அவன் முன்பே பலமுறை பார்த்திருக்கிறான். அப்போதெல்லாம் இந்த நாற்காலியில் இருந்தது அவன் தங்கை பர்ஹானா. பழி விழுந்ததும் அவள் தலையில்தான்.

திண்டுக்கல் பேகம்பூரில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்திய ஸ்டுடியோ அது. முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் ஆண்கள் பக்கம் நாசர் எடுப்பான், பெண்கள் பக்கம் பர்ஹானா எடுப்பாள். எடுப்பதோடு போகாது. பெண்கள் பக்கத்துப் படத்தை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து முடித்துக் கொடுப்பதும் அவள்தான். ஆண் கண் படாது என்ற நம்பிக்கையில்தான் ஊரில் அவளைத் தேடிக் கூப்பிட்டார்கள். நாசரும் அந்த வாக்கை இம்மி பிசகாமல் காப்பாற்றினான். அவள் வேலையாக இருக்கும்போது உள்ளே வர வேண்டியிருந்தால் வாசலில் இருமுவான். அவள் திரையை அணைத்த பிறகுதான் வருவான். இந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேறு இடம் இருக்கிறது.

நாசருக்குக் கம்ப்யூட்டர் கிறுக்கு. யூடியூப்பில் யார் யாரோ சொன்னதைக் கேட்டு பிராசஸரை ஓவர்கிளாக் செய்துவைத்திருந்தான். அதாவது, கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த வேகம் போதாதென்று, அதற்கு மேல் ஏற்றி, வோல்டேஜையும் கூட்டி, சிப்பை விரட்டி வேலை வாங்குவது. சோதனை செய்யும் புரோகிராம் ஒன்றைப் போட்டுப் பார்த்தான். பாஸ் என்று பச்சை எழுத்து வந்தது. அதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். நிக்காஹ் வீடியோ எடுக்கிறவன் ராக்கெட் விட்டதுபோல அப்படி ஒரு பெருமை.

அதே சமயத்தில்தான் பர்ஹானாவுக்குப் புதுக் கேமரா வந்தது. மங்கலான அறையிலும் மருதாணியின் சிவப்பு அப்படியே விழும். ஆனால் படம் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு கனம். அதை முடித்து எடுக்கக் கம்ப்யூட்டர் மூச்சு முட்ட உழைக்க வேண்டும். நாசருடைய பழைய கேமராவின் படமெல்லாம் அதற்கு ஒரு வேலையே இல்லை.

தொல்லை அங்கே ஆரம்பித்தது.

“அண்ணே, மறுபடியும் நின்னுபோச்சு. முடிஞ்சு வந்தாலும் அங்கங்க பச்சக் கட்டமா உடையுது.”

“எனக்கு ஒழுங்காத்தானே ஓடுது? நீ எதையாவது போட்டு அமுக்கியிருப்ப.”

“இல்லண்ணே. நீ வேகத்த ஏத்துனதுக்கு அப்புறந்தான் இப்பிடி.”

அந்த வார்த்தைதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஏற்றியவன் அவனாயிற்றே. மெமரியைக் கழற்றி வேறு மெமரி போட்டான். சிப்பின் மேல் பழைய பசையைத் துடைத்துப் புதுப் பசை தடவினான். விண்டோஸை அழித்து மறுபடி போட்டான். திண்டுக்கல் கரண்டைத் திட்டிவிட்டுப் புது யூபிஎஸ் வாங்கினான். எல்லாவற்றையும் மாற்றினான், தான் ஏற்றிய வேகத்தை மட்டும் தொடவில்லை. ஒவ்வொன்றையும் மாற்றிய பிறகு தன் ஆண்கள் பக்கத்துப் படத்தைப் போட்டுப் பார்ப்பான். அது வழுக்கிக்கொண்டு ஓடும். உடனே தங்கையைப் பார்ப்பான்.

அவள் படத்தையே போட்டுச் சோதிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பார்க்கக் கூடாத படத்தை எப்படிப் போடுவது? திரையை அணைத்துவிட்டு ஓடவிட்டிருந்தாலே குட்டு உடைந்திருக்கும். அந்தப் புத்தி அன்றைக்கு வேலை செய்யவில்லை.

இப்படி இருக்கும்போது மசாலாக் கடை ஹாஃபிஸா மாமியின் மகள் கல்யாணம் வந்தது. பலமுறை நின்று நின்று, ஒருவழியாகப் பெண்கள் பக்கத்துப் படம் முடிந்து வந்தது. “ஒரு தடவ முழுசா ஓட்டிப் பாத்துக்கிறேண்ணே,” என்றாள் பர்ஹானா. “இம்புட்டு நாளு பாத்தது பத்தாதா? மாமி போன் மேல போன் போடுது,” என்று பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கொடுத்தான்.

மறுநாளே மாமி இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். சொந்தக்காரப் பெண்கள் கூடியிருந்தார்கள்.

“என் மக முகத்துல பச்சையா கட்டம் கட்டமா அடிச்சிருக்கு. என்னப்பா இது?”

பர்ஹானா வாயைத் திறப்பதற்குள் நாசர் முந்திக்கொண்டான். “மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல மாமி, எல்லாம் செக் பண்ணிட்டேன். தங்கச்சிக்கு இன்னும் கை படியல.”

அந்நியர் வீட்டில் வைத்து அண்ணனை எதிர்த்துப் பேச வேண்டாம் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அவர்கள் ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டார்கள். கூடப் பிறந்தவனே சொல்லிவிட்டான் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு போனது. அதன் பிறகு பர்ஹானாவை ஒருவரும் கூப்பிடவில்லை. கேமராவை அண்ணன் மேசையில் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெடிமேட் துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் அவனோடு பேச்சும் குறைந்தது. கேமரா பிடித்த கை பில் மிஷின் பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தது.

சும்மா கிடக்கிறதே என்று நாசர் அந்தக் கேமராவை எடுத்துக்கொண்டு போய் ஆண்கள் பக்கத்தை எடுத்ததன் பலன்தான் இப்போது திரையில் தெரிகிற நீலம்.

ஏற்றிய வேகத்தைப் படிப்படியாக இறக்கினான். ஒரு படி இறக்கினால் கொஞ்சம் கூடுதலாக ஓடி நின்றது. இன்னொரு படிக்கு நிற்காமல் ஓடியது, ஆனால் மாப்பிள்ளையின் தாடியில் பச்சைக் கட்டம் விழுந்தது. கடைசியில் கம்பெனி வேகத்துக்கே கொண்டுவந்தான். படம் முழுசாக, சுத்தமாக வந்தது. நாசருக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஹாஃபிஸா மாமி வீட்டுப் படமும் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. பர்ஹானா வெட்டி ஒட்டியதில் ஓரிடத்தைக்கூடத் தொடாமல், திரையை அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டான். முடிந்ததும் மனைவி நுஸைபாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு, தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். பாட்டு மட்டும் காதில் விழுந்தது.

“எங்கயும் உடையலங்க,” என்றாள் நுஸைபா. “எம்புட்டு அழகா எடுத்திருக்கா! அந்தப் புள்ளையவா கை படியலன்னீங்க?”

நாசர் சுவரைப் பார்த்தபடியே அழுதான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே துணிக்கடைக்குப் போனான். நடந்ததை எல்லாம் அவன் சொல்ல, பர்ஹானா கேட்டுக்கொண்டாள்.

“அன்னைக்கே சொன்னேன்லண்ணே.”

“தப்புத்தாம்மா. எம்மேலதான் தப்பு. கேமராவ எடுத்துக்க, திரும்பி வா.”

“நான் வாரேன். யாரு கூப்புடுவா? அன்னைக்கு மாமிகிட்ட எம்மேல பழி சொன்ன மாதிரியே, இப்ப அவுககிட்ட போயி மாத்திச் சொல்லு. அவுக வாய் சொன்னா ஊரே கேக்கும். அவுக கூப்புட்டா நாளைக்கே வாரேன்.”

நாசர் பென்டிரைவோடு மாமி வீட்டுக்குப் பறந்தான். மாமி அதை உள்ளே எடுத்துப்போய் டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு, மலர்ந்த முகத்தோடு வந்தார்.

“மாஷா அல்லாஹ், கண்ணாடி மாதிரி இருக்கு. யாரு சரி பண்ணுனது? நீ பாக்கலயே?”

“நான் பாக்கல மாமி. நுஸைபாதான் பாத்தா. ஆனா யாரும் ஒண்ணும் சரி பண்ணல. இது பர்ஹானா செஞ்சது அப்படியே. கோளாறு என் மிஷின்ல. நாந்தான் வேகத்த ஏத்தி வச்சு...”

மாமி கையமர்த்தினார். “வேகமாவது ஒண்ணாவது. அன்னைக்கு இதே எடத்துல நின்னு மிஷின்ல கோளாறு இல்லன்னு சொன்னவன் நீதானே? அந்தப் புள்ள பேரு கெட்டுப்போச்சேன்னு இப்ப எல்லாத்தையும் நீ ஏத்துக்கிறே. நல்ல அண்ணன்ப்பா நீ.”

“மாமி, சத்தியமா...”

“சத்தியம்லாம் பண்ணாதே. நுஸைபா கைக்கு மாறுனதும் படம் எம்புட்டு சுத்தமா வந்திருக்கு, அதுவே சொல்லுதே. மலப்பட்டியில என் தங்கச்சி மகளுக்கு அடுத்த மாசம் நிக்காஹ் இருக்கு. நுஸைபாவ அனுப்பி வையி.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவன் சொல்லச் சொல்ல மாமிக்கு அவன்மேல் பாசம் கூடியதே தவிர, நம்பிக்கை வரவில்லை. உள்ளே இருந்த பெண்களும், இந்தக் காலத்தில் இப்படி ஒரு அண்ணனா என்று உருகினார்கள். பொய்யை ஒரே மூச்சில் நம்பிய வீடு அது.

துணிக்கடைக்குத் திரும்பியபோது பர்ஹானா ஒரு சட்டையை மடித்துக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மாமி என்ன சொன்னாங்க?”

“படம் கண்ணாடி மாதிரி இருக்குன்னாங்க.”

அவள் முகம் பழைய பர்ஹானாவின் முகமாக மாறியது. “நெசமாவாண்ணே? கூப்புட்டாங்களா?”

“மலப்பட்டியில ஒரு நிக்காஹ் இருக்காம்.” தலையைக் குனிந்துகொண்டான். “நுஸைபாவ அனுப்பச் சொல்றாங்க.”

பர்ஹானா சட்டைக் கவரை உரியவரிடம் கொடுத்தாள். பிறகு வரிசையில் அடுத்து நின்றவர் நீட்டிய துணியை வாங்கி, விலைச் சீட்டைத் தேடிப் பார்த்து, பில் போட ஆரம்பித்தாள்.