கழுத்தில் கத்தி, கையில் பட்டை

சலூன்காரர் வாயைத் திறந்தால் மூடுவதற்கு இன்னொருவர் வர வேண்டும். கை ஒரு தலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய் நாலு வீட்டுக்குள் போய்விட்டுத் திரும்பிவிடும். மூன்று நாற்காலி, எதிரெதிராக இரண்டு கண்ணாடி, சுவரோரம் ஒரு பெஞ்சு, இழுப்பறை வைத்த ஒரு மேஜை. அவ்வளவுதான் கடை. தன்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பேச்சுக்காகவே வருகிறார்கள் என்று அவர் நம்பினார். எல்லாருமே பேச்சைப் பொறுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று அவருடைய அக்காள் புருஷன் நம்பினார்.

நாலு கடை தள்ளியிருந்த சுகாதார நிலையத்திலிருந்து ஒருநாள் நர்ஸம்மா ரத்த அழுத்தக் கருவியோடு வந்தாள்.

"ஆம்பளைங்க எங்க பக்கம் தலைவெச்சே படுக்க மாட்டேங்குறாங்க. உங்ககிட்ட மட்டும் மாசாமாசம் தலையைக் கொடுக்குறாங்க. முப்பது வயசுக்கு மேல யார் வந்தாலும் கையில பட்டையைக் கட்டி அளந்து பாருங்க. மேல நூத்தி நாப்பது, இல்லைன்னா கீழ தொண்ணூறைத் தாண்டினா, இந்தச் சீட்டைக் கொடுத்து எங்ககிட்ட அனுப்புங்க."

"நோவுன்னு வர்றவனைத்தானேம்மா அளக்கணும்?"

"நோவுன்னா அவனே வந்துடுவான். நல்லாத்தான் இருக்கேன்னு சுத்திக்கிட்டிருக்கான் பாருங்க, அவனைத்தான் நாம தேடணும்."

சலூன்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அன்று மாலையே சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டார்.

பத்து நாளில் முப்பத்துநாலு பேரை அளந்தார். இருபத்தொன்பது பேருக்குச் சீட்டு கிழித்தார். ஊரே உலைபோலக் கொதிக்கிறது, தெரியாமல் போயிற்றே என்று வருகிறவரிடமெல்லாம் சொன்னார். சுகாதார நிலையத்தில் மறுபடி அளந்து பார்த்ததில் மூன்று பேருக்குத்தான் அழுத்தம் உண்மையில் அதிகம். மீதி இருபத்தாறு பேரும் நேராகக் கடைக்கே திரும்பி வந்தார்கள்.

"ஏம்ப்பா, மூணு மணி நேரம் வரிசையில நின்னேன்," என்றார் எதிர்க்கடைத் தையல்காரர். "டாக்டர் பார்த்துட்டு, குழந்தைக்கு இருக்குற மாதிரி இருக்குங்குறாரு. அதுக்குள்ள என் பொண்டாட்டி பயந்துபோய் அவ தம்பிங்க நாலு பேரையும் வரவழைச்சுட்டா. வந்தவனுங்க இன்னும் போகல. இப்பத்தான் எனக்கு நிஜமாவே ஏறுது!"

மறுநாள் நர்ஸம்மா பெஞ்சில் வந்து உட்கார்ந்து, பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். சலூன்காரர் வாடிக்கைக்காரரின் கையில் பட்டையைக் கட்டினார். பொத்தானை அழுத்தினார். பட்டை ஊதிக்கொண்டிருக்கும் நேரத்தை வீணாக்குவானேன் என்று கத்தியைத் தீட்டிக் கழுத்தில் வைத்தார்.

"அசையாதீங்க. ஆமா, உங்க பக்கத்து வீட்டுக்காரன் மதிலை ஒரு அடி உள்ள தள்ளிக் கட்டிட்டானாமே?"

கருவி நூற்று அறுபத்தெட்டு காட்டியது.

நர்ஸம்மா பத்திரிகையை மடித்தாள். "கழுத்துல கத்தி, காதுல மதில்சுவர். எனக்கே ஏறும் அண்ணே!"

பிறகு சிரிக்காமல் சொன்னாள். "வீணா ஒருத்தனைப் பயமுறுத்தி அனுப்பினா, நிஜமாவே இருக்குறவன் நாளைக்கு நம்ப மாட்டான். முடியில கை வைக்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார வையுங்க. காலு தரையில, கை மேஜையில. நீங்களும் பேசக் கூடாது, அவரும் பேசக் கூடாது. ரெண்டு தடவை அளங்க. ரெண்டு வாரம் பார்ப்பேன். சரிவரலைன்னா மெஷினை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று சலூன்காரருக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள் தேன் குடித்த எறும்பைப் போல நகர்ந்தது. கடையில் பேச்சுச் சத்தம் கேட்காததைக் கண்டு, தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்து, வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று துக்கம் விசாரித்தார்கள். ஆனால் எண்கள் இறங்கின. அந்த வாரம் முழுக்கச் சேர்த்து இரண்டே சீட்டுகள்.

மூன்றாவது சீட்டுக்கு உரியவராக வந்து உட்கார்ந்தார் அக்காள் புருஷன். பஸ் ஓட்டுபவர். இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிட்டுவிட்டு மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிற ஆள்.

"சீக்கிரம் சிரைச்சு விடு மாப்ள. மீசை நரைச்சுப் போச்சு, அதையும் எடுத்துடு. நாலு மணிக்கு வண்டி எடுக்கணும்."

சலூன்காரர் பேசாமல் பட்டையைக் கட்டி, ஐந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நூற்று எண்பத்தாறு, நூற்றுப் பன்னிரண்டு. பொறுத்திருந்து மறுபடி. நூற்று எண்பத்திரண்டு, நூற்றுப் பத்து. பட்டையை மறு கைக்கு மாற்றினார். அந்தக் கையும் அதையேதான் சொன்னது.

"மாமா, டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துடலாம். நாலு கடைதான்."

மாமா நாற்காலி குலுங்கச் சிரித்தார். "தையல்காரன் கதை எனக்குத் தெரியாதா? பிரஷர் உன் மெஷினுக்கு. முதல்ல அதைக் கூட்டிக்கிட்டுப் போ."

"தலைவலி, கிறுகிறுப்பு ஏதாவது?"

"ஒரு மண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கேன். கத்தியை எடு."

சலூன்காரர் நுரையைத் தடவினார். இடது கன்னத்தை மழித்தார், மீசையின் இடது பாதியையும் எடுத்தார். கை தன்போக்கில் வேலை செய்தது. மனம் மட்டும் அந்த எண்ணைவிட்டு அசையவில்லை. இருபத்தாறு பேரைப் பொய்யாகப் பயமுறுத்தியவன் சொல்லுக்கு இன்றைக்கு என்ன மரியாதை?

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. நம்பிக்கை இல்லாமத்தான் வரமாட்டேங்குறீங்களா?"

கண்ணாடியில் மாமாவின் சிரிப்பு மெல்ல வடிந்தது. "டிப்போவுல தெரிஞ்சா வண்டியைவிட்டு இறக்கிடுவாங்கடா. எனக்கு வேற என்ன தெரியும்? நாப்பது பேரை முதுகுக்குப் பின்னால உக்கார வெச்சு ஓட்டுறதைத் தவிர?"

"அந்த நாப்பது பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"வாயை மூடிக்கிட்டு மீதியைச் சிரை."

சலூன்காரர் கத்தியை மடக்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சாவியைப் பேனாவுக்குப் பக்கத்தில் சொருகிக்கொண்டார்.

"மீதி, டாக்டர் பார்த்ததுக்கு அப்புறம்."

"டேய்!"

"இந்தப் பக்கம் நாலு கடையில சுகாதார நிலையம். அந்தப் பக்கம் இன்னொரு சலூன், சந்தைத்தெருவைத் தாண்டிப் போகணும். அரை மீசையோட எவ்வளவு தூரம் நடக்கலாம்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க."

மாமா கணக்குப் போட்டார். அக்காளைக் கட்டியதிலிருந்து அன்றுவரை தெரிந்த அத்தனை வசவையும் கொட்டினார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, திருடனை இழுத்துப் போவதுபோல மைத்துனன் முன்னே நடக்க, பின்னால் போனார்.

சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா துண்டை விலக்கிப் பார்த்தாள். உட்கார வைத்து அளந்தாள். நூற்று எழுபத்தெட்டு, நூற்றெட்டு. டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் பரிசோதனை எழுதினார், மாத்திரை எழுதினார்.

"வண்டி?" என்றார் மாமா.

"ஒரு வாரம் லீவு போடுங்க. பிரஷர் இறங்கினதும் ஓட்டலாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது, உப்பைக் குறைக்கணும்." டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மாத்திரையோட ஓட்டப் போறதை நினைச்சுப் பயப்படாதீங்க. இது தெரியாம இத்தனை நாளா ஓட்டினீங்களே, அதை நினைச்சுப் பயப்படுங்க."

கடைக்குத் திரும்பி மீதி மீசையைக் கொடுத்துவிட்டு எழுந்த மாமா, மைத்துனனோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அடுத்த மூன்று வாரமும் பேசவில்லை. மறுபடி வண்டி எடுத்தார் என்றும், அழுத்தம் நூற்று முப்பத்தாறுக்கு வந்துவிட்டது என்றும் அக்காள்தான் சொன்னாள். "ஆனா உன் பேரைச் சொன்னா மட்டும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துடுறாரு," என்றாள். நல்லது செய்தும் சொந்தம் போயிற்றே என்று சலூன்காரருக்கு உள்ளுக்குள் அரித்தது.

நாலாவது வாரம், ஒரு விடுமுறைக் காலையில், கடை வாசலில் பஸ் ஒன்று நின்றது. மாமா இறங்கினார். அவர் பின்னால் காக்கிச் சட்டையில் பதினோரு பேர் ஒருவர்பின் ஒருவராக இறங்கினார்கள். எல்லாரும் டிப்போ ஓட்டுநர்கள். யார் முகத்திலும் முடி வெட்டிக்கொள்ள வந்த களை இல்லை.

சலூன்காரர் சீப்பைப் பிடித்தபடி நின்றார். மாமா அவரைப் பார்க்காமல் பெஞ்சைப் பார்த்துப் பேசினார்.

"இவனுங்க எல்லாருக்கும் பாரு. ஒருத்தனையும் விடாத."

"எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க மாமா?"

"அதனாலதான்டா கூட்டிக்கிட்டு வந்தேன்," என்றார் மாமா. "நான் மட்டும் ஏன் தனியா உக்காந்து உப்பில்லாமச் சாப்பிடணும்?"