ஆமையும் மீன்தான்

மதலேனாள் பாலாடையின் மூக்கைப் புருசன் பங்கிராசின் உதட்டுக்குள் திணித்தாள். கோழிச்சாறு கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. பேசத் தெம்பில்லாத மனுசனுக்குப் பல்லைக் கடிக்க மட்டும் எங்கிருந்துதான் வலு வந்ததோ!

“முழுங்கித் தொலையும்யா. சீக்காளிக்குத் தபசுகாலத்து நோம்பு கெடையாதுன்னு உபதேசியாரே சொல்லிட்டாக.”

“நோம்பு முடிஞ்சு பாஸ்கு வரட்டும்” என்று முனகிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் பாலாடையை விட்டெறிந்தாள்.

தை மாதம் அவனைக் கடலுக்கு அனுப்பி வைத்ததே உபதேசியார் இஞ்ஞாசிமுத்துதான். கீழ்க்கடலில் பவளப்பாறைத் தீவு ஒன்று. பறவைகளும் கடலாமைகளும் முட்டையிடும் காலத்தில் அங்கே யாரும் எதையும் தொடக்கூடாது என்று ஜமீன் உத்தரவு. கடற்கரை ஆளைக் காவல் வைத்தால் அவனே முட்டையைத் தின்றுவிடுவான் என்று வெளியூர் ஆள் தேடினார்கள். “நம்ம பங்கிராசு வாயைக் கட்டுனவன்” என்று கைகாட்டினார் உபதேசியார். அவனும் தலையாட்டிக்கொண்டு போனான். இப்போது வண்டியில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கொண்டுவந்த படகுக்காரன் கஸ்பார் வாசலில் குத்தவைத்திருந்தான். மதலேனாள் அவன் எதிரே போய் நின்றாள்.

“அங்கன திங்க ஒண்ணுமே இல்லையாண்ணே?”

“இல்லாம என்ன தாயி? கால் வைக்க எடமில்லாம முட்ட. ராத்திரியானா ஆமை ஏறி வந்து மணலத் தோண்டும். காத்து எதுத்துக்கிட்டதால எங்களால படகு எறக்க முடியல. அரிசி தீந்துபோச்சு. போய்ப் பாத்தா ஆமை பக்கத்துலயே சுருண்டு கெடக்காரு.”

“ஜமீனுக்குப் பயந்துக்கிட்டா?”

“நானும் அதான் கேட்டேன். ஜமீன் கெடக்கட்டும், தபசுல கறியும் முட்டையும் ஆகாதுன்னாரு. மீன் புடிக்கவும் தெரியல. கைக்கெட்டுன ஆமைய, நாலு காலு இருக்கு, ரத்தம் ஓடுது, அது கறிதான்னு விட்டுட்டாரு.” கஸ்பார் தலையைச் சொறிந்தான். “எங்க ஊருல ஆமை மீனு கணக்கு தாயி. பெரிய வெள்ளிக்கே கொழம்பு வைப்போம். எங்க சாமியாரும் சாப்புடுவாரு.”

மதலேனாள் வீட்டுக்குள் ஓடினாள். கட்டிலில் குனிந்து அவன் காதுக்குள் கத்தினாள்.

“யோவ், ஆமையும் மீன்தானாம்யா! கூறுகெட்ட மனுசா! சாமியாரே திங்கிறாகளாம். வாயைத் தெற!”

வாய் திறந்துதான் இருந்தது. கடித்திருந்த பல்லும் விட்டுப்போயிருந்தது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை அவள் பக்கம் சாய்ந்து அப்படியே நின்றது.

மதியத்துக்குள் ஊர் கூடிவிட்டது. உபதேசியார் செபம் சொல்லி முடித்துக் குரலை உயர்த்தினார்.

“முட்டைக் குவியலுக்கு நடுவுல பட்டினி கெடந்தவன். இவன் வேதசாட்சி. பெருமைப்படு ஆத்தா.”

“ஆமை மீனு கணக்குங்கிறது ஒமக்குத் தெரியுமா?” என்றாள் மதலேனாள்.

உபதேசியார் செபமாலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“கடக்கரையில அப்படி ஒரு வழக்கம் உண்டு. போகும்போது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“ஆமையே பாக்காத ஆளு, என்னத்த வந்து கேப்பாரு?”

“துக்கத்துல பேசுறா, விடுங்க” என்றது ஒரு குரல். உபதேசியாரும் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே நகர்ந்தார்.

நாத்தனார் பிலோமினா கைக்குழந்தையோடு கால்மாட்டுக்கு வந்தாள். பாறை கிழித்துக் கிழித்து, தோல் உரிந்து வீங்கிய பாதங்கள்.

“சேசுநாதர் காயம் கணக்கா இருக்கே, மதினி! புள்ளைக்கு நெத்தியில ஒத்திக்கிறேன். தபசு காத்த காலு.”

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

மதலேனாள் எழுந்தாள். கோடித்துணியை இழுத்து இரண்டு பாதங்களையும் மூடினாள். தொங்கிய நுனியைத் தன் தொடைக்கடியில் செருகி, அதன்மேல் அழுந்த உட்கார்ந்தாள்.

பிலோமினா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.