பதினேழாவது வில்லை

அந்த வேல்ஸ் பள்ளத்தாக்கில் நிலக்கரி வெட்டுவது நின்று நாற்பது வருடம். இப்போது பார்க்க வருகிறவர்கள்தான் சுரங்கத்தில் இறங்குகிறார்கள். சட்டம் மட்டும் மாறவில்லை. இறங்குகிறவர் ஆளுக்கொரு பித்தளை வில்லை வாங்க வேண்டும். ஏறியதும் திருப்பித் தர வேண்டும்; அதை விளக்கறைப் பலகையில் மாட்டுவார்கள். ஒரு வில்லை குறைந்தால் ஓர் ஆள் உள்ளே இருப்பதாகப் பொருள்.

அன்று மாலை ஒன்று குறைந்தது.

"பதினேழு கீழ போச்சு. பதினாறுதான் திரும்பி வந்திருக்கு," என்றாள் விளக்கும் வில்லையும் கொடுக்கும் விளக்கறை நெஸ்டா. "எண்ணித்தானே ஏத்துன கெதின்?"

சுற்றிக் காட்டுவது கெதினின் வேலை. "ரெண்டு நடையா ஏத்துனேன்க்கா. கீழ யாரும் இல்ல. பாத்துட்டுதான் வந்தேன்."

"உன் கண்ணு கெடக்கட்டும். பலகை, ஆள் இருக்குங்குதே."

வந்தவர்களில் பாதிப் பேர் காரில் போய்விட்டார்கள்; தலை எண்ணிப் பார்க்க வழியில்லை. கெதின் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு, ஆளைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் ஏறினான்.

தொண்ணூறு மீட்டர். தனியாக அவன் இறங்கியதே இல்லை.

"யாராவது இருக்கீங்களா?"

அந்தக் காலத்தில் நிலக்கரி வண்டி இழுத்த குதிரைகளின் கொட்டடிவரை நடந்தான். தொலைந்தவரின் விளக்கு எரிந்தால் வெளிச்சம் தெரியும் என்று தன் விளக்கை அணைத்தான்.

தினமும் இதே இடத்தில் எல்லோரையும் விளக்கணைக்கச் சொல்வான். யாராவது சிரிப்பார்கள். இன்று சிரிக்க ஆளில்லை. கையை முகத்துக்கு நேரே பிடித்தான். கை இல்லை. எங்கோ சொட்டு விழுந்தது. எங்கோ ஒரு மரத்தூண் முனகியது. தலைக்கு மேல் முழு மலை; அது அவனை நிற்க விட்டிருந்தது, அவ்வளவுதான். இங்கே எத்தனை பேர் உழைத்தார்கள் என்று தினம் ஒப்பிப்பான். இப்போது அந்த எண் நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொருவனும் ஒரு நாள் இந்த இருட்டில் இப்படித் தனியாக நின்றிருப்பான் என்பது மட்டும் தெரிந்தது. கூப்பிட மறந்து நின்றான்.

கூண்டடியில் தொலைபேசி அடித்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடினான்.

"ஏறி வா," என்றாள் நெஸ்டா. "எல்லாம் நம்ம ப்ரின்மோர் கிழவர் வேலை. முப்பது வருஷம் இங்க வெட்டுன மனுஷன், இன்னைக்கு டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கார். போறப்போ காட்சிக்கு வெச்சிருக்கிற பழைய பலகையில, அவரோட பழைய கொக்கியில வில்லைய மாட்டிட்டுப் போய் டீ குடிச்சிட்டு இருக்கார். கேட்டா, கை அதுவாப் போச்சாம்."

"அவரத் திட்டாதக்கா."

"திட்டி முடிச்சாச்சு. கூண்டத் தூக்கச் சொல்லவா?"

"கொஞ்சம் பொறு."

"இன்னும் யாரடா தேடுற?"

கெதின் தொலைபேசியை வைத்துவிட்டு விளக்கை மறுபடி அணைத்தான்.