டொபின் கப்பலில் போனான்

யோகேஸ்வரனின் கல்யாணத்தன்று சுமனுக்கு எந்த வருத்தமும் இருக்கவில்லை. மாப்பிள்ளைத் தோழனாக முன்னுக்கு நின்று எல்லாம் செய்தான், பந்தியில் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தான், உடப்புசல்லாவையிலிருந்து வந்த பெண் வீட்டாரைத் தன் ஆட்டோவிலேயே ஏற்றி இறக்கினான். வயிற்றெரிச்சல் தொடங்கியது நாலு மாதம் கழித்து, யோகுவின் புது மனைவி வினோதா கொம்பியூட்டர் மவுஸைக் கையில் எடுத்த ஞாயிற்றுக்கிழமை.

ஒரு மவுஸுக்கா இவ்வளவு என்று கேட்பவர்கள், பன்னிரண்டு வயதில் ஒரே கதிரையில் இன்னொருவனோடு பாதிப் பாதியாக உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். வட்டவளைத் தோட்டத்திலிருந்து ஞாயிறு தோறும் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய், மர்சூக் நானாவின் கொம்பியூட்டர் கடையில் சுமனும் யோகுவும் சேர்ந்துதான் ஒரு மணித்தியாலம் எடுப்பார்கள். யார் விளையாடுவது என்று சண்டை பிடித்தால் அந்த மணித்தியாலம் சண்டையிலேயே போய்விடும். ஆகவே கீபோட் யோகுவுக்கு, மவுஸ் சுமனுக்கு. ஒருவன் நடப்பான், மற்றவன் பார்ப்பான். 'சால்ட் ரோட்' என்ற அந்த விளையாட்டில் கழுதை மேல் உப்பு மூட்டை ஏற்றி மலை தாண்டும் வியாபாரிக்கு, இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு உடம்பு. ஐந்து பாகங்கள் அப்படியே முடித்தார்கள். மீசை முளைத்த பிறகும், சுமன் ஆட்டோ எடுத்த பிறகும், யோகுவுக்குப் பொல்பிட்டிய மின்நிலையத்தில் வேலை கிடைத்த பிறகும் அந்தப் பங்கீடு மாறவில்லை.

இப்போது ஆறாம் பாகம் வந்திருக்கிறது. யோகு கட்டிய புது வீட்டில், யோகு வாங்கிய புதுக் கொம்பியூட்டரில், யோகுவுக்குப் பக்கத்துக் கதிரையில் வினோதா. சுமனுக்கோ அவர்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரை. கையில் மவுஸுக்குப் பதிலாகத் தேத்தண்ணிக் கோப்பை.

"அண்ணே, நீங்க பின்னால இருந்து சொல்லிக் குடுங்க. எனக்குப் பழைய பாகம் ஒண்ணுமே தெரியாதுல்ல" என்றாள் வினோதா. தோட்டப் பாடசாலையில் இங்கிலிஷ் ரீச்சர். குரலில் கள்ளமில்லை. கள்ளமிருந்திருந்தால் சுமனுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

இந்த விளையாட்டைச் செய்தவர்கள் பொல்லாதவர்கள். ஒவ்வொரு புதுப் பாகத்திலும் பழைய பாகத்துச் சாமான் ஒன்றை ஏதாவது மூலையில் போட்டு வைப்பார்கள். இரண்டாம் பாகத்தில் காது கிழிந்த கழுதை ஒன்று வந்தால், ஐந்தாம் பாகத்துச் சந்தையில் அதே கிழிந்த காதோடு ஒரு குட்டி நிற்கும். பழைய ஆட்களுக்கு மட்டும் புரியும். சிறு வயதில் யோகுவும் சுமனும் இதற்குச் 'சொந்தக்காரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் முதலில் கண்டு "சொந்தக்காரன்!" என்று கத்துகிறானோ, அவன் மற்றவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம். ஆறாம் பாகத்தில் திரும்பிய பக்கமெல்லாம் சொந்தக்காரர்கள். சுமன்தான் எல்லாவற்றையும் கண்டான், கண்டதையெல்லாம் பழைய பாகத்துக் கதையோடு வினோதாவுக்கு விளக்கினான். விளக்கும்போது அவள் எவ்வளவு பிந்தி வந்தவள் என்பதும் சேர்ந்து விளங்கட்டும் என்பதுதான் அவன் ஆசை. அவளோ அதைக் கவனிக்காமல், "ஐயோ, எவ்வளவு அழகா செஞ்சிருக்காங்க!" என்று கன்னத்தில் கை வைத்து ரசித்தாள். யோகு விளையாட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். சுமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தனைக்கும் அவனுக்கு உள்ளே வேறொரு பயமும் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதல் பாகத்துக்குப் போக வேண்டும்.

முதல் பாகத்தில் வியாபாரிக்கு டொபின் என்று ஒரு தம்பி உண்டு. இருவரும் கயிற்றுப் பாலத்தில் ஏறுவார்கள். உடனே திரை கறுப்பாகிவிடும். வெளிச்சம் வரும்போது அண்ணன் மட்டும் அக்கரையில் நிற்பான். மர்சூக் நானாவின் கடையில் ஓடியது ஒரே சிடியில் அடங்குவதற்காகப் படக் காட்சிகளையெல்லாம் வெட்டியெடுத்த கொப்பி. டொபினுக்கு என்ன நடந்தது என்பது அந்த வெட்டில் போயிருந்தது. பன்னிரண்டு வயது யோகு தவித்துப் போனான். நானாவின் மகன் றம்ஸானிடம் வெட்டாத இரண்டு சிடி இருப்பதாகவும், வீட்டுக்கு வந்தால் காட்டுவதாக அவன் சொன்னதாகவும் சொன்னான்.

றம்ஸான் நல்லவன், கெட்டிக்காரன், வீட்டிலேயே கொம்பியூட்டர் உள்ளவன். யோகு ஒரு நாள் அங்கே போனால் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னோடு எதற்காகப் பாதிக் கதிரையில் உட்காரப் போகிறான்? சுமன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அதுக்கு எதுக்குடா அவன் வீட்டுக்கு? நான் நுவரெலியா மாமா வீட்டுல பாத்துட்டேன். டொபின் கப்பல்ல ஏறிப் போயிட்டான். அடுத்த பாகத்துல ஏதாச்சும் ஹாபர்ல வருவான்" என்றான். நுவரெலியா மாமா வீட்டில் அப்போது டீவிகூட இல்லை.

யோகு நம்பினான். அதற்குப் பிறகு எந்தப் பாகத்தில் துறைமுகம் வந்தாலும், "மச்சான், டொபின் நிக்கிறானா பாரு" என்பான். சுமனும் மவுஸை நாலு பக்கமும் திருப்பி மும்முரமாகத் தேடுவான். இருபது வயதில் வெட்டாத காட்சியைப் போனில் பார்த்துவிட்டுச் சுமன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பாலம் இற்றுப்போய் இரண்டு பேரைத் தாங்காது என்று தெரிந்ததும் டொபின் அண்ணனை முன்னுக்கு அனுப்பிவிட்டுத் தன் கயிற்றை அறுத்துக்கொள்கிறான். கப்பலாவது கடலாவது.

யோகுவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். பொய் ஏன் சொன்னாய் என்று கேட்டால் றம்ஸானைச் சொல்ல வேண்டி வரும் என்பதால் சொல்லவில்லை. இப்போது ஆறாம் பாகத்தின் ஒன்பதாம் கட்டத்தில், 'மூன்று கிணறு' என்ற ஊரில், டொபினுக்கு ஒரு கல்லறையே கட்டி வைத்திருக்கிறார்களாம். விளையாடி முடித்த யாரோ போட்ட வீடியோவில் சுமன் பார்த்துவிட்டான். மவுஸ்தான் போனது, யோகுவே போய்விடுவானோ என்று அவனுக்குக் கை கால் ஓடவில்லை.

ஆகவே ஒன்பதாம் கட்டத்தில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், "இடது பக்கம் போங்க தங்கச்சி. சொந்தக்காரங்க பூரா அந்தப் பக்கம்தான்" என்று அடித்துச் சொன்னான். இடது பக்கம் இருந்தது பாலைவனம். கழுதை தாகத்தில் செத்தது. மறு ஞாயிறு மறுபடி இடது பக்கம், மறுபடி கழுதை காலி.

"என்னா அண்ணே, நீங்க காட்டுற வழியிலெல்லாம் கழுத செத்துப் போகுது?" என்று வினோதா சிரித்தாள்.

"கேம் புதுசுல்ல. மாத்தியிருப்பாங்க" என்றான் சுமன். யோகு தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தான்.

மூன்றாவது ஞாயிறு மழை கொட்டியது. சுமன் நனைந்துகொண்டு வந்து சேர்வதற்குள் அவர்கள் பாதை பிரியும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். வலது பக்கத்துப் புல்லுக்குள் உடைந்த வண்டிச் சில்லு ஒன்று கிடந்தது, அச்சில் சிவப்புத் துணி கட்டியபடி.

"சொந்தக்காரன்!" என்று வினோதா கதிரையிலிருந்து எழும்பிக் கத்தினாள். "மூணாம் பாகத்துச் சில்லு! அண்ணே, நீங்கதானே சொன்னீங்க, செவப்புத் துணி கட்டியிருந்தா பழைய வண்டிக்காரன் போன வழின்னு!" சொல்லிக்கொண்டே புருசன் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

யோகு தலையைத் தடவிக்கொண்டு சிரித்தான். பதினெட்டு வருசமாக அந்தத் தலையில் குட்டும் உரிமை சுமன் ஒருவனுக்குத்தான் இருந்தது. தன் வாயாலேயே சொல்லிக் கொடுத்துத் தானே பறிகொடுத்தாயிற்று. அந்த எரிச்சலில் கழுதை வலது பக்கம் திரும்பிவிட்டதைக்கூட அவன் பிந்தித்தான் கண்டான்.

"வேணாம் தங்கச்சி, அங்க ஒண்ணும் இல்ல!"

"சில்லு இருக்கே அண்ணே."

மூன்று கிணறும் வந்தன. கிணறுகளுக்குப் பின்னால் ஒரு மரம், மரத்தடியில் கல். வினோதா திரைக்குக் கிட்டப் போய் எழுத்துகளை வாசித்துத் தமிழில் சொன்னாள். "டொபின். பாலத்தில் அண்ணனை முன்னுக்கு விட்டவன்." அவள் திரும்பினாள். "யாரு அண்ணே டொபின்?"

"அது... அதே பேருல வேற ஆளா இருக்கும்" என்றான் சுமன்.

"அண்ணன், பாலம்னெல்லாம் எழுதியிருக்கே. நீங்க சொன்ன முதல் பாகத்துத் தம்பிதானே? கப்பல்ல போனதா சொன்னீங்களே."

யோகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் கோபமா துக்கமா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இனிமேல் மறைத்தால் இவன் முகத்தில் முழிக்க முடியாது என்று சுமனுக்குத் தோன்றியது.

"மச்சான், நான் பொய் சொன்னேன்டா. மாமா வீட்டுல நான் ஒண்ணும் பாக்கல. நீ றம்ஸான் வீட்டுக்குப் போயிருவியோன்னு சொன்னேன். அன்னைக்கு அவன் மேல எனக்கு அவ்வளவு எரிச்சல்."

"தெரியும்" என்றான் யோகு.

"என்ன தெரியும்?"

"டொபின் செத்தது. அடுத்த கிழமையே பாத்துட்டேன்டா. நீ அவ்வளவு ஆசையா கப்பல்ல போனான்னு சொன்னியா, பொய்னு சொன்னா நீ குறுகிப் போயிருவ. அதான் நானும் ஹாபர்ல தேடுற மாதிரி தேடிக்கிட்டு இருந்தேன்." கதிரையைத் திருப்பி முதல் முறையாக இவனைப் பார்த்தான். சிரித்தான். "இந்த ரெண்டு கிழமையா நீ எங்கள ஏன் பாலைவனத்துல சுத்த விட்டேன்னும் தெரியும்."

வினோதாவின் கண் கலங்கிவிட்டது. "பாருங்க அண்ணே, உங்களுக்காக எத்தன வருசம் நடிச்சிருக்காரு!" என்றாள். மவுஸை மேசையில் வைத்துவிட்டு எழுந்து, "வாங்க, இங்க உக்காருங்க. இந்தக் கட்டத்த நீங்க ரெண்டு பேரும்தான் முடிக்கணும்" என்று தன் கதிரையை இழுத்துக் கொடுத்தாள்.

சுமன் எழவில்லை.

"எங்க பாத்த?" என்று கேட்டான்.

"என்னது?"

"டொபின் செத்தத. எங்க பாத்த?"

யோகுவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "றம்ஸான் வீட்டுலதான்டா. வேற எங்க?"

"ஒரு தடவதான் போனியா?"

வினோதா கதிரையின் முதுகைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ பகிடி என்று சிரிக்கப் போனவள் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமைல ஹட்டனுக்கு டியூசன் போனேன்ல" என்றான் யோகு மெதுவாக. "முடிஞ்சதும் அங்க போவேன். ஓ.எல் பரீட்சை எழுதுற வரைக்கும் போனேன்டா. சின்னப் புள்ளைல நடந்தது, இப்ப எதுக்கு அது?"

தனக்காக ஒருவன் பதினெட்டு வருசம் துறைமுகம் துறைமுகமாக இல்லாத ஆளைத் தேடி நடித்தான் என்பது சுமனின் காதில் ஏறவேயில்லை. ஏறியது சனிக்கிழமை மட்டும்தான். நாலு வருசத்துச் சனிக்கிழமை. வினோதா காலி செய்து கொடுத்த கதிரையைத் தாண்டிப் போய், கொட்டுகிற மழையில் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினான்.