பெல்ட்டுக்கு நேரே ஓட்டை

ஸ்ரீதரனின் சட்டைகளில் ஓட்டை விழத் தொடங்கியபோது, அவன் மனைவி லோகேஸ்வரி வீட்டை விட்டுப் போவதென்று முடிவு செய்திருந்தாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போடக்கூட மனதில் கொஞ்சம் சூடு வேண்டுமே. மகள் தர்மினி டெங்குவில் போனதிலிருந்து அதுவும் அவளிடம் இல்லை. சமைத்தாள், தின்றாள், படுத்தாள். தேத்தண்ணீர் நாக்கைச் சுட்டால்கூடச் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒன்று மட்டும் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. பெற்றவன் அழவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தான், குளித்தான், போட்டதைத் தின்றான், காரியம் முடிந்த மறுநாளே டவுனில் உள்ள துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். இப்படி ஒரு கல்லோடு ஒரே வீட்டில் எதற்கு இருக்க வேண்டும் என்று நினைத்தாள். குண்டசாலையில் இருக்கும் அக்காவிடம் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியும் விட்டாள். அவனிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் இந்த ஓட்டைகள். குண்டூசி முனை அளவுதான். துவைத்துக் காய்ந்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் வயிற்றருகே நாலைந்து தெரியும். துணி விற்கிறவனே ஓட்டைச் சட்டையோடு நின்றால் யார் நம்பி வாங்குவார்கள் என்று முதலாளி கேட்டாராம். மழை வரும்போல் இருக்கிறது என்பதைப் போல அதைச் சொல்லிவிட்டு ஸ்ரீதரன் சோற்றைப் பிசைந்தான். லோகேஸ்வரி முதலில் கரப்பான்தான் என்று அலுமாரியில் கற்பூர உருண்டை போட்டாள். பிறகு சவர்க்காரத் தூளை மாற்றினாள். ஓட்டை அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. மிஞ்சியது வாஷிங் மெஷின்தான். போவதற்குள் அதைச் சரிபார்க்க நினைத்தாள். இல்லாவிட்டால், போனதுதான் போனாள், மெஷினையும் கெடுத்து வைத்துவிட்டுப் போனாள் என்று மஹய்யாவ ஊர் முழுக்கப் பேசும்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் யோகராஜ் வந்தான். மெல்லிய துணி ஏதாவது கேட்டான். ட்ரம்முக்குள் தேய்த்துப் பார்த்தால், எங்கே பிசிறு இருக்கிறதோ அங்கே நூல் மாட்டுமாம். கைக்கு அகப்பட்டதைக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் பார்த்தாள், அது தர்மினி தோளில் போடும் ஊதா ஷோல். இப்போது அழுகை வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. அவன் ட்ரம் முழுக்கத் தேய்த்து எடுத்தான். ஒரு நூல்கூடச் சிக்கவில்லை.

"மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா. மெஷின்னா எல்லார் உடுப்பையும்தானே கிழிக்கணும்? ஒங்க உடுப்புல ஓட்டை இருக்கா?"

அவள் தன் உடுப்பைப் பார்த்ததே இல்லை. அவன் போன பின்னர் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினாள். அவளுடையதில் ஒன்றுமில்லை. அவனுடைய சட்டை ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில், பெல்ட் பூட்டு வருகிற இடத்தில் ஓட்டை. அவன் சட்டையை வெளியே விட்டுத்தான் போடுவான்.

மறுநாள் காலை அவன் குளிக்கப் போன நேரம் ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்துப் பார்த்தாள். பூட்டின் முகம் முழுக்கக் கீறல். கீறலுக்குள் வெள்ளைச் சுண்ணாம்பும் கொஞ்சம் பச்சைப் பாசியும் ஏறியிருந்தன. ஏதோ ஒரு சுவரில் இவன் சாய்கிறான். சுவருக்கும் பூட்டுக்கும் நடுவில் சட்டை தேய்ந்து நைகிறது. நைந்த நூல் துவைக்கும்போது விட்டுப்போகிறது. பாவம், மெஷினை வீணாகத் திட்டியிருக்கிறாள்.

எந்தச் சுவர்? கடையில் இருப்பது கண்ணாடிக் கவுண்டர். வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடித்திருக்கிறது. ஆனால் இந்தச் சுண்ணாம்பையும் பாசியையும் அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து அவன் கழற்றிப் போட்ட சட்டையின் கையில் இதே கறை இருந்தது. அவள்தான் தேய்த்துக் கழுவினாள். அந்த நாளில் அவளுக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை. சந்து முனையிலேயே அவளைத் திருப்பி அழைத்து வந்துவிட்டார்கள். பிள்ளை கிடக்கும் இடத்தை அவள் பார்த்ததே கிடையாது.

தினமும் அவன் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வந்தான். பஸ் இல்லை என்பான். அவளும் ஏனென்று கேட்டதில்லை.

சனிக்கிழமை பின்னேரம் உடுப்புப் பையில் ஷோலையும் வைத்துக்கொண்டு த்ரீவீலரில் ஏறினாள். குண்டசாலைக்கு என்று சொல்ல வாயெடுத்தவள், மயானப் பக்கம் விடச் சொன்னாள்.

கேட் பூட்டியிருந்தது. இடுப்பளவு சுவர், சுண்ணாம்பு உதிர்ந்து பாசி பிடித்துக் கிடந்தது. அதில் வயிற்றை அழுத்திக்கொண்டு ஸ்ரீதரன் நின்றான். அவளைக் கண்டும் திடுக்கிடவில்லை. பையைப் பார்த்தான். அவள் ஷோலை எடுத்து, யோகராஜ் ட்ரம்மில் பார்த்ததுபோல, சுவரின் விளிம்பில் ஓர் இழுப்பு இழுத்தாள். உடனே மாட்டியது. ஊதா நூல் ஒன்று நீளமாக வந்தது.

"உள்ள போறதில்லையா?"

"கேட்டைப் பூட்டிடுறாங்க." உள்ளே பார்த்தபடியே, "தொறந்திருந்தாலும் போவ முடியல, லோகா. மொத மண்ணை நான்தானே போட்டேன்" என்றான்.

கல் என்று நினைத்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்போதும் கண்ணீர் வரவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்டாள். அரலியா மரத்துக்கு இந்தப் பக்கம் என்று காட்டினான். சின்ன மேடுதான், புல் முளைத்திருந்தது.

ஷோலை நாலாக மடித்து அவனுக்கு முன்னால் சுவர்மேல் போட்டாள். "இதுல சாஞ்சுக்கங்க. சட்டையெல்லாம் வீணாப் போவுது."

அவன் அதைத் தொட்டான். யாருடையதென்று தெரிந்துகொண்டான். மெதுவாக எடுத்து, இழுபட்ட நூலை விரலால் உள்ளே நீவிவிட்டு, அவள் கையிலேயே கொடுத்தான்.

"இது வேணாம், லோகா. கிழிஞ்சிரும்."

திரும்பவும் வெறுஞ்சுவரில் சாய்ந்துகொண்டான். பைக்குள் போன் அடித்தது, அக்காதான். இன்றைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, பையைக் கீழே வைத்து, அவளும் அவன் பக்கத்தில் சாய்ந்தாள்.